வாசலில் தொங்கும் சாட்சியம்: பெரம்பூரில் வளையமும் நட்சத்திரமும்

தமிழில் மலர்வளையம் என்றால் அது சாவுக்கு வைப்பது. தலைவர்கள் செத்தால் வைப்பது, நினைவுத்தூணின் காலடியில் வைப்பது. வட சென்னையில் யாரையாவது நிறுத்தி, "அந்த ஊட்டுக் கதவுல மலர்வளையம் மாட்டிக் கீறாங்க" என்று சொல்லிப் பாருங்கள். "அய்யோ, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் பாரிமுனைக் கடைகளில் பச்சை பிளாஸ்டிக் ஊசியிலையில் செய்து சிவப்பு ரிப்பன் கட்டிய வளையங்கள் தொங்குகின்றன. வாங்கிப்போய்க் கதவில் மாட்டுகிறவர்களில் எங்கள் பெரம்பூர்க்காரர்களும் உண்டு.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன வேடிக்கை என்று ஒதுக்கிவிடுகிற தோழர்கள் இருக்கிறார்கள். சாமியும் இல்லை சடங்கும் இல்லை, இதில் பேச என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு வீட்டு வாசலில் எது தொங்குகிறது, யார் கை அதைக் கட்டியது, யாருக்காக அதை அவிழ்க்க வேண்டியிருந்தது என்பதும் வரலாறுதான். எழுதப்பட்ட வரலாற்றில் நமக்கு இடம் இல்லாதபோது இப்படி வாசலையும் கூரையையும் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வளையத்திலிருந்தே தொடங்கலாம். நான்கு மெழுகுவர்த்தி வைத்த திருவருகைக்கால வளையத்தை இன்று பெரிய பெரிய ஆலயங்களில் பீடத்தருகே வைக்கிறார்கள். அது பிறந்தது பணக்கார வீட்டில் அல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற பாதிரியார் 1833இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்கிறார்கள். பச்சை இலை சுற்றும் வழக்கம் பிறகு வந்தது. அதாவது அது ஒரு நாட்காட்டி. தொழில் நகரத்து அனாதைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவதற்காக வண்டிச் சக்கரத்தில் செய்த நாட்காட்டி. பெரம்பூருக்கு அது வந்து சேரும்போது கடைச் சரக்காகி, விலை ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வருகிறது.

எங்கள் பக்கத்தில் அலங்காரம் என்றால் முதலில் சவுக்கு. கிறிஸ்துமஸ் மரம் என்று படத்தில் காட்டுகிற ஊசியிலை மரம் சென்னை மண்ணில் ஏது? சவுக்குக் கிளையை வெட்டி வந்து, மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு நட்டு, பஞ்சைப் பிய்த்து 'பனி' என்று ஒட்டிவிடுவார்கள். பனியைப் பார்த்தவர் எங்கள் தெருவில் ஒருத்தரும் கிடையாது. ஆனால் இந்தச் சவுக்குக்கும் பெரம்பூருக்கும் உள்ள உறவு கிறிஸ்துமஸ் மரத்தைவிட ஆழமானது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டில்தான் பெரம்பூரில் மதராஸ் ரயில்வேயின் பட்டறை வந்தது. இன்ஜினுக்குப் போட நிலக்கரி போதவில்லை, விறகு வேண்டும். 1860களில் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். தென்கிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த மரம், இன்ஜின் வயிற்றுக்காக நம் கடற்கரைக்கு வந்தது. பிறகு கரி வந்தது, டீசல் வந்தது, மின்சாரம் வந்தது. சவுக்கு மட்டும் எங்கள் கூரைக்குக் கழியாகவும் பந்தலுக்குக் காலாகவும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரமாகவும் தங்கிவிட்டது. 1848இல் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு மரம் வைக்கும் மோகம் பரவியது. நமக்கு அந்த மரம் ரயில் வழியாக வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ரயில் வந்ததும் ரயில்வே காலனி வந்தது. காலனியில் ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள். எங்கள் ஜனங்கள் அவர்களைச் சட்டைக்காரர் என்பார்கள். டிரைவர், கார்டு, ஃபோர்மன் வேலை அவர்களுக்கு. கலாசி வேலையும் கரி அள்ளுகிற வேலையும் நம்மவர்களுக்கு. என் நைனா கேரேஜ் பட்டறையில் கலாசி. நைனாவுடைய அம்மா, அதாவது என் ஆயா, காலனியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற ஆயா. வட சென்னையில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளை பார்க்கும் வேலைக்காரிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் ஆயா. அது போர்ச்சுகீசியச் சொல். என் ஆயா ரெண்டு வீட்டுக்கும் ஆயா.

பட்லர், சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர் என்று துரைமார் வீடுகளை நடத்தியவர்களில் கணிசமானவர்கள் பறையர்கள் என்பது காலனிய மதராஸ் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும். மாட்டுக்கறி சமைக்க, சாராயப் புட்டியைத் தொட, எச்சில் தட்டை எடுக்கச் சாதி இந்து வரமாட்டான். ஆக துரை வீட்டுக் கிறிஸ்துமஸை அலங்கரித்தவை நம் கைகள். வாசல் தூணில் வாழைமரம் கட்டுவதும், சாமந்தி மாலை தொங்கவிடுவதும், பெரிய நாளன்றும் வருஷப் பிறப்பன்றும் துரைக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் கொடுத்து இனாம் வாங்குவதும் வேலைக்காரர்கள் செய்தவை. ஹாலி இலையும் ஐவிக் கொடியும் இல்லாத ஊரில் வளையத்துக்குப் பதிலாக நின்றது நம்முடைய சாமந்தி மாலைதான். துரைசானிமார் எழுதிய குறிப்புகளில் இது "சுதேசிகளின் வினோத வழக்கம்" என்ற பாவனையில் வரும். மாலை கட்டியவர் பெயர் வராது.

என் ஆயா வேலை பார்த்த வீட்டில் கிரேப் பேப்பரை முறுக்கி மூலைக்கு மூலை தோரணம் கட்டுவார்களாம். கதவில் வளையம் மாட்டுவார்களாம். கலகலா, அச்சுமுறுக்கு, பிளம் கேக் எல்லாம் ஆயா கைப்பாகம்தான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று எல்லாவற்றையும் இறக்கிவிடுவது அவர்கள் முறை. இறக்கியதைக் குப்பையில் போடாமல் ஆயா மடித்துக் கொண்டுவரும். அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் தோரணம் ஜனவரி ஏழாம் தேதிதான் ஏறும். அப்படியே பொங்கலுக்கும் இருக்கும். சாயம் போன சிவப்புக் கிரேப் பேப்பருக்குக் கீழே கரும்பு சாத்தி வைத்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மாட்டுப் பொங்கலுக்கா இன்னாத்துக்குடா கேக்கறே, கலரு கீதுல்ல, இர்க்கட்டும்" என்று ஆயா சொல்லும். கலப்புப் பண்பாடு என்று இன்று கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறார்கள். ஆயாவுக்கு அது கழித்த காகிதம்.

வளையமும் மரமும் மேலே இருந்து இறங்கி வந்தவை என்றால், நட்சத்திரம் எங்களுடையது. ஐரோப்பாவில் நட்சத்திரத்தை மரத்தின் உச்சியில் வைப்பார்கள். சேரியில் அதை வீட்டு வாசலில், கூரைக்கும் மேலே ஒரு கழியில் தூக்கிக் கட்டுவார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு ஏழைகளும் மூங்கிலும் காகிதமும் கொண்டு 'பரோல்' என்று இதே மாதிரி செய்து வாசலில் தொங்கவிடுகிறார்கள். செய்வது எப்படி என்றால், மூங்கில் பத்தையைச் சீவி ரெண்டு ஐந்துமுனைச் சட்டம் கட்டி, ஒன்றோடொன்று முதுகு சேர்த்து, நடுவில் ஐந்து குச்சி முட்டுக்கொடுத்து உப்பலாக்க வேண்டும். மைதாவைக் காய்ச்சி அதில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் கரப்பான் தின்னாது. அதைத் தடவி வண்ணத்தாள் ஒட்டுவது. காத்தாடி செய்கிற பையன்களுக்குத்தான் இந்த வேலை படியும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வருஷம் பூரா காத்தாடி ஒட்டுகிற கைகள் டிசம்பரில் நட்சத்திரத்துக்கு மாறும். உள்ளே முதலில் அகல், பிறகு சிம்னி, மின்சாரம் வந்த பிறகு நாற்பது வாட் பல்பு. அகல் வைத்த காலத்தில் பாதி நட்சத்திரம் எரிந்துபோகும். கூரைக்குப் பக்கத்தில் நெருப்பு. அதனால் விடிய விடிய யாராவது ஒருத்தர் காவல் இருப்பார்கள்.

நெருப்பு என்றதும் இந்த வட்டாரத்தில் சொல்லியாக வேண்டியது 1921. பெரம்பூரை ஒட்டிய பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம். அதற்கு முந்தைய வேலைநிறுத்தத்தில் பட்ட கடனிலிருந்தும் பட்டினியிலிருந்தும் மீளாத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பகுதியினர் இந்த முறை சேரவில்லை. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர்களும் தொழிலாளர்கள்தான். ஆகஸ்ட் மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர் அந்த மக்களையே ஊரைவிட்டு வெளியே கொண்டுபோய் வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் 'கருங்காலிப் பிரச்சினை' என்று ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எரிந்தது யாருடைய கூரை என்று கேட்பதில்லை.

டிசம்பர் 25க்கு வருகிறேன். அந்தத் தேதிக்கு ரோமாபுரியில் 336ஆம் ஆண்டிலிருந்தே கிறிஸ்துமஸ் என்று சான்று இருக்கிறது. நமக்கு அந்தத் தேதியில் வேறு இரண்டு நெருப்பும் உண்டு. 1927 டிசம்பர் 25இல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்கு, ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேரை அடைத்துக் கொளுத்தினார்கள். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் நடந்துபோய்க் குடிசை கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் காரணம் சொல்லி உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. வருஷா வருஷம் அதே நாளில் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். பெரம்பூரில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு, மத்தியானம் வெண்மணி நினைவுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. கோயிலில் குடில் வைப்பார்கள். வைக்கோல் வேய்ந்த கூரை, உள்ளே மாடு, பொம்மைக் குழந்தை. குடில் என்றாலும் குடிசைதான்.

விளக்கைப் பற்றி நம்மில் முன்பே யோசித்தவர் அயோத்திதாச பண்டிதர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டில் பண்டிகைகளுக்குப் பௌத்த விளக்கம் எழுதினார். தீபாவளி என்பது எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள். கார்த்திகை தீபம் என்பது ஆமணக்கு எண்ணெயைக் கண்டுபிடித்து விளக்கேற்றிய 'கார்த்துல தீபம்'. அசுரனைக் கொன்ற கதையெல்லாம் பின்னால் ஏற்றியவை. சொல்லாராய்ச்சியாக இது நிற்குமா நிற்காதா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். எனக்குப் பிடித்தது அவர் கேள்வி கேட்ட விதம். விளக்கு எரிகிறது என்றால் அவர் சாமியைத் தேடவில்லை, எண்ணெய் ஆட்டிய கையைத் தேடினார். பெரம்பூரும் அந்த பௌத்த இயக்கத்தின் மையங்களில் ஒன்றாக இருந்த ஊர். பேராசிரியர் லட்சுமி நரசுவின் பௌத்த நூலை அம்பேத்கர் 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

பண்டிதர் கேட்டதை இன்றைய விளக்குக்கும் கேட்கலாம். மின்சார விளக்கைக் கிறிஸ்துமஸ் மரத்தில் முதலில் சுற்றியவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். 1882 டிசம்பர் 22இல் நியூயார்க்கில் தன் வீட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு எரியவிட்டார். எங்கள் தெருவுக்கு அது சீரியல் செட்டாக வந்தது. டார்ச் பல்புகளை வரிசையாகக் கோத்து, ஜெலட்டின் தாள் சுற்றிய செட். ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தே நைனாவின் கிறிஸ்துமஸ் கழியும். இப்போது சீன எல்.இ.டி. சரம் வந்து அந்தத் தொல்லை போயிற்று. ஆனால் கரண்டு எங்கிருந்து வருகிறது? பேசின் பிரிட்ஜில் முன்பு அனல் மின்நிலையம். 1970களில் எண்ணூர் அனல் மின்நிலையம் வந்தது. 2017 மார்ச்சில் மூடினார்கள். 1994இல் வட சென்னை அனல் மின்நிலையம் வந்தது. பிறகு வல்லூரில் 1500 மெகாவாட். மாநகரம் முழுக்க சீரியல் செட் மினுக்க, சாம்பல் எண்ணூருக்கு. சாம்பல் குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்றடித்தால் சோற்றில் சாம்பல் விழுகிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து நண்டும் இறாலும் பிடிக்கிறவர்கள் பிழைப்பு போயிற்று. எண்ணெய் ஆட்டிய கைக்குப் பண்டிகை வைத்தார்கள் என்றார் பண்டிதர். சாம்பலில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பண்டிகையும் இல்லை.

கடைசியாக நட்சத்திரத்தை இறக்குகிற கதை. 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே 1950 அரசியல் சட்டத்தில் 336ஆம் பிரிவு, ரயில்வே, சுங்கம், தபால், தந்தித் துறைகளில் ஆங்கிலோ இந்தியருக்குப் பத்து ஆண்டுகளுக்குத் தனி இடஒதுக்கீடு கொடுத்தது. பெரும்பாலும் கிறிஸ்தவர்களான ஒரு சமூகத்துக்கு அதன் மதம் தடையாக நிற்கவில்லை. மக்களவையில் அவர்களுக்கான நியமன இடங்கள்கூட 2020 ஜனவரி வரை நீடித்தன. அவர்களுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஒரே காலனியில், ஒரே கோயிலில் முழங்காலிட்ட டிரைவரின் மகனுக்குச் சட்டம் ஒரு கணக்குப் போட்டது, அவர் வீட்டு ஆயாவின் மகனுக்கு வேறு கணக்குப் போட்டது.

சென்னையில் காந்தி இர்வின் ரோட்டு ஓரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர் இதை உச்சநீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். ரோட்டோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது; கிறிஸ்தவர் என்று அவருக்கு இல்லை என்றார்கள். அதே பிளாட்பாரம், அதே தோல், அதே ஊசி. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று போதிய சான்று இல்லை என்று 1985இல் தீர்ப்பானது. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் இருக்கிற நாட்டில் சான்று இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

இதனால் என்ன நடக்கிறது என்றால், நம்மில் பல வீடுகளில் ரெண்டு பேர், ரெண்டு வாழ்க்கை. கோயில் பதிவேட்டில் ஒரு பேர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பேர். வீட்டு அலங்காரம் அரசு விசாரணையில் தடயமாகிவிடுகிறது. இது என் கற்பனை இல்லை. ஒரு பெண் மருத்துவரின் இடத்தில் சிலுவை மாட்டியிருந்ததைப் பார்த்து அவருடைய சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டதும் சிலுவை மாட்டியதும் மதம் மாறியதற்குச் சான்று ஆகாது என்று 2021 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. ஏமாற்றப்பட்டது யார் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. அக்காவுடைய சான்றிதழ் விஷயமாக விசாரிக்க ஒரு டிசம்பரில் ஆள் வருகிறார் என்று சேதி வந்தது. எழுபதுகளின் கடைசி. முதல் நாள்தான் நைனாவும் அண்ணனும் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். பச்சையும் மஞ்சளும், அஞ்சடி உயரம். அம்மா ஒண்ணும் பேசவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, கயிறை அவிழ்த்து, தாள் கிழியாமல் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பாயை விரித்து மறைத்தது. குடில் பொம்மைகளை அரிசிப் பானையில் போட்டது. வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார், மேலே அண்ணாந்து பார்த்தார். கழி மட்டும் நின்றது. "இது இன்னாத்துக்கும்மா இவ்ளோ உசரத்துல கம்பு?" என்று கேட்டார். "டிவி ஏரியலுக்கு சார்" என்றது அம்மா. எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது.

அவர் போன பிறகு நட்சத்திரத்தை அன்றைக்கே திரும்ப ஏற்றலாமா என்று வீட்டில் வாக்குவாதம். பக்கத்து வீடுகளில் பொழுது சாய்ந்து விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆயா மட்டும், "பொங்கலுக்குக் கட்டிக்கலாம் வுடு, அதுக்குள்ள கட்டாயமா பேப்பரு வந்துடும்" என்று சொன்னது. பேப்பர் என்று அது சொன்னது சான்றிதழை. மார்ச் மாதம்தான் வந்தது.